ஜாவா 8-ஐ விட்டு எப்போது நகர்வீர்கள்?

பால் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் தரும் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் மென்பொருள் ஓடத் தேவையான ஜாவா என்ற அடித்தளத்தில், புதுக் கம்ப்யூட்டரிலும் பழைய 8-ஆம் பதிப்பையே போடச் சொல்லும் உங்கள் சுற்றறிக்கை வந்தது. காரணம் தெரிந்ததுதான். கவுண்டர் புரோகிராம், இணையத்திலிருந்து இறக்கித் திறக்கும் ஜாவாவின் பழைய வசதியான வெப் ஸ்டார்ட் வழியாகத் திறக்கிறது. 2018-இல் வந்த ஜாவா 11-லேயே அதை எடுத்துவிட்டார்கள். 2014-இல் வெளியான பதிப்பிலேயே எங்களை இன்னும் எத்தனை காலம் கட்டிப்போடுவீர்கள்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கவுண்டரில் காலையில் வரும் ரசீதைப் பாருங்கள். லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), தொகை எல்லாம் சரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். பழனியம்மாளுக்குப் பதினொன்று, மயிலாத்தாளுக்கும் பதினொன்று. எது யார் சீட்டு என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? டேட்டாபேஸில் பெயர் பத்திரமாக இருக்கிறது. ரசீதை ஃபைலில் எழுதும் புரோகிராம் வரியில் என்கோடிங்கை, அதாவது எழுத்துகளை எந்த முறையில் சேமிப்பது என்பதைக் குறிப்பிடாமல் விட்டிருக்கிறீர்கள். அதனால் ஜாவா 8 விண்டோஸின் 1252 என்ற என்கோடிங்கை எடுத்துக்கொள்கிறது. அதில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஜாவா 18 முதல், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 தானாகவே வந்துவிடும். அந்த வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதினால் ஜாவா 8-லேயே கூடச் சரியாகும்.

"பெயரை இங்கிலீஷில் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்கிறது உங்கள் உதவி மையம். கேரளத்தில் இருந்தாலும் எங்கள் பெயர் தமிழ்ப் பெயர். வருடம் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறீர்களே, பராமரிப்பது எதை?

வேலை பெரியது, மறுக்கவில்லை. ஒரே தாவலில் ஜாவா 21-க்குப் போக வேண்டாம். முதலில் ஜேடெப்ஸ் என்ற ஜாவாவின் சோதனைக் கருவியை ஓட்டி, ஜாவாவின் உட்பகுதிகளைத் தொடும் ஜார் ஃபைல்கள் (ஜாவா புரோகிராம் தொகுப்புகள்) எவை என்று பாருங்கள். எக்ஸ்எம்எல் ஃபைல்களைக் கையாளும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) ஜாவா 11-இல் நீக்கப்பட்டது. தனி ஜாராகச் சேர்க்க வேண்டும். ஜாவா 17-இல், உட்பகுதிகளைத் தொடும் பழைய லைப்ரரிகள் பிழை காட்டி நிற்கும். அந்தத் தடையை விலக்கும் ஆட்-ஓப்பன்ஸ் என்ற ஆப்ஷனைப் போட்டு ஒப்பேற்றாமல் லைப்ரரியையே மாற்றுங்கள். புரோகிராமின் லாக் ஃபைலில் தெரியும் ஸ்பிரிங் பூட் 2.7 என்ற ஜாவா கட்டமைப்புக்கு இலவச ஆதரவு 2023 நவம்பரோடு முடிந்தது. ஸ்பிரிங் பூட் 3-க்குப் போகும்போது, புரோகிராமில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பல பெயர்கள் ஜகார்த்தா என்று மாறும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ரீப்ளேஸ் செய்துவிடாதீர்கள், ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல் ஜாவாவுக்கே சொந்தம், அது மாறாது. வெப் ஸ்டார்ட்டுக்குப் பதில் ஜேபேக்கேஜ் என்ற ஜாவா கருவியில் இன்ஸ்டாலர் செய்து கொடுக்கலாம்.

தயவுசெய்து ரசீது வரியை இந்த வாரமே திருத்துங்கள். ஜாவா 8-ஐ விட்டு நகரும் தேதியை எழுத்தில் தாருங்கள். ஒரு சங்கத்தின் டேட்டாவை நகலெடுத்து, ஒரு பட்டுவாடா காலம் முழுக்கப் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, காசு காசாகக் கணக்கு ஒத்துவந்த பிறகு எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா எல்லையோரப் பால் சங்கங்களில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்கள்,
பாலக்காடு மாவட்டம்