மணிகளைக் கலைத்தவள் எழுதும் கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன தீபாவளிக்கு வந்தபோது கொட்டகைச் சுவரில் நீங்கள் மாட்டியிருந்த மாட்டு மணிகளை எல்லாம் இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன். இற்றுப்போன கயிறுகளை அடுப்பில் போட்டேன். பிறகு பெரியதிலிருந்து சிறியது வரை அழகாக வரிசைப்படுத்தி மாட்டினேன். நீங்கள் வந்து பார்த்து, "நன்றாக மினுக்குகிறது" என்று சொல்லிவிட்டுக் களி சாப்பிடப் போய்விட்டீர்கள். பெரியம்மாதான் இரவில் சொன்னார். நான் கலைத்தது ஊர் வரிசையாம். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி என்று நீங்கள் சைக்கிளில் போய் மணிகளைச் சேர்த்த வழியிலேயே அவை தொங்கினவாம்.

அதைப் பற்றி நீங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் நான் வேலை செய்யும் கலைக்கூடத்தில், காட்சி அமைப்பவர்கள் இருவர் சில மாதங்களாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓவியம் தீட்டுவது கலை என்றால், பொருள்களைத் தேடிச் சேர்த்து அடுக்குவதும் கலையா? முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்படியென்றால் பழைய இரும்புக் கடைக்காரரும் கலைஞர்தானே என்று கேட்டேன். அவர்கள் கோபிக்காமல் சீனக் கலைஞர் சோங் தோங் செய்த ஒன்றைக் காட்டினார்கள்.

அவருடைய அப்பா 2002-இல் இறந்துவிட்டார். அம்மா துக்கத்தில் வீடு நிறையப் பொருள்களைக் குவித்துக்கொண்டே போனார். தேய்ந்த சோப்பு, காலியான பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, பழந்துணி, எதையும் எறியவில்லை. பஞ்ச காலத்தைப் பார்த்த தலைமுறை. மகன் அவற்றைக் குப்பையில் போடவில்லை. 2005-இல் பெய்ஜிங்கில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பொருள்களை அம்மாவோடு சேர்ந்து வகை வகையாகத் தரையில் பரப்பி வைத்தார். படத்தில் பார்த்தபோது எனக்கு நம் கொட்டகைச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. அவர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார். நான் உங்களைக் கேட்காமலே செய்தேன்.

எதன் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1992-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிரெட் வில்சன் என்ற கலைஞர், ஒரு அருங்காட்சியகத்தின் வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவே அடிமைகளைப் பூட்டிய விலங்கை வைத்தார். தலைப்பு வெறுமனே 'உலோக வேலைப்பாடு, 1793–1880'. எல்லாமே அங்கே ஏற்கெனவே இருந்த பொருள்கள்தான். இடத்தை மட்டும் மாற்றினார். நானும் இடத்தை மட்டும்தான் மாற்றினேன், ஆனால் ஒரு வழித்தடமே அழிந்துவிட்டது.

சின்ன வயதில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு என்னைக் கூட்டிப்போய் நடுகற்களைக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? தொறு மீட்கப் போய்ப் பட்ட, அதாவது உயிர்விட்ட, வீரர்களுக்கு நட்டவை என்று சொன்னீர்கள். 'தொறு' என்றால் மாட்டு மந்தை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நடுகல் எடுப்பதன் படிகளைச் சொல்லும் தொல்காப்பியம் 'காட்சி' என்பதைத்தான் முதலில் வைக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது எல்லாம் அதற்குப் பின்னால்தான். கலைக்கூடத்தில் நாள்தோறும் காட்சி, காட்சி என்று பேசுகிற எனக்கு இது உறைக்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கல்லிலாவது யார் ஆட்சி, எந்த ஊர், பட்டவன் யார் என்று வெட்டி வைத்தார்கள். உங்கள் மணிகளில் எழுத்து இல்லை. எந்த மணி ஆலம்பாடி இனக் காளையின் கழுத்தில் கிடந்தது, எதை விற்றவர் கடைசி மாட்டையும் சந்தைக்கு ஓட்டிவிட்டுக் கொடுத்தார் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். காசு கொடுத்து மொத்தமாக வாங்கி வரவேற்பறையில் தொங்கவிடுகிறவர்களை நான் கலைஞர் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் மணி மட்டும்தான் இருக்கிறது.

தை பிறந்ததும் அந்த இருவரோடு வருகிறேன். ஒரு மணியைக்கூட பெங்களூருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இப்போது இல்லை. நீங்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லுங்கள், நான் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக இடம் மாற்றுகிறேன். மறந்துபோன ஊர்களுக்கு ஆணியை மட்டும் அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விடலாம். ஆட்டிப் பார்த்தால் சத்தத்தை வைத்துச் சிலவற்றைக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பெரியம்மா சொல்கிறார்.

அவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று புளியைக் கரைத்து வைத்துவிடப் போகிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்