மணிக்கட்டுக்கு அடியில் எத்தனை விரல்?

மகள்,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மாமி பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடித்துவிட்டா. நீயும் வருவாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தா.

வீடியோவில் நீ இடக்கையால்தான் போனைப் பிடிக்கிறாய். இரவில் கையை நீட்டி வைக்கும் ஸ்பிளின்ட் மட்டையைக் கட்டித்தானே படுக்கிறாய்?

உன் முழங்கையில் வெட்டி ஒட்டின தோல் பிடித்ததோடு எல்லாம் முடியவில்லை. முதல் 2 நாள் அது அடியிலிருந்து ஊறின நீரில்தான் உயிர் வாழ்ந்தது. பிறகுதான் இரத்தக் குழாய் பொருந்தினது. இரத்தம் கட்டியிருந்தாலோ, தோல் அரக்கியிருந்தாலோ பிடித்திருக்காது. 5ஆம் நாள் கட்டுப் பிரிக்கும்வரை நீ அசையாமல் கிடந்ததை ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் சுருக்கம் அதற்குப் பிறகுதான் வரும். தொடையில் எடுத்தது மெல்லிய தோல். உள்தோல் குறையக் குறைய ஒட்டின இடம் கூடுதலாய்ச் சுருங்கும். அடியிலுள்ள கலங்கள் தசைபோல இழுக்கும். முதல் 6 மாதம்தான் கடுமை. தழும்பு முதிர ஒரு வருஷத்துக்கு மேல் செல்லும். உனக்கு இது 4ஆம் மாதம்.

முழங்கையை மடக்கி வைத்தால் சுகமாய்த்தான் இருக்கும். அப்படியே நின்றும்விடும். இரவில் நீட்டிக் கட்டு. தழும்பை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் உறை நாளுக்கு 23 மணித்தியாலம். குளிக்கவும் கிறீம் பூசவும் மட்டும் கழற்று. தொளதொளத்தால் புதிதுக்கு அளவு கொடு. மணமில்லாத கிறீம் பூசி, தோல் வெளிறும் அளவுக்குப் பெருவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய், நாளுக்கு 3, 4 தரம். ஒட்டின தோலில் எண்ணெய் ஊறாது, ஆபீஸ் ஏசியில் வெடிக்கும். கொப்புளம் வந்த இடத்தைத் தேய்க்காதே, சொறியாதே. ஸ்பிளின்ட் கட்டாமல் படுக்காதே.

இங்கே நின்ற 2 கிழமையும் நீ நோவில் முனகுகிறாய் என்று, நித்திரையானதும் நான்தான் கட்டை அவிழ்த்துவிட்டேன். விடிய முன் திரும்பக் கட்டினேன். கிளினிக்கில் கேட்டபோது இரவு முழுக்கக் கட்டினது என்று பொய் சொன்னேன். வார்ட்டில் எத்தனை தாய்மாரை இதற்கு ஏசியிருப்பேன். உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, மகள்.

கையை மேசையில் மல்லாத்தி, முழங்கையை மேசையோடு அழுத்தி வை. மணிக்கட்டுக்கு அடியில் எத்தனை விரல் போகுது? கிழமைக்குக் கிழமை கூடினால் உடனே தெரபிஸ்ட்டிடம் போ. இப்ப என்றால் பிளாஸ்டர் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நீட்டிப் பார்க்கலாம். விட்டால் திரும்ப வெட்டி ஒட்ட வேண்டி வரும்.

படம் அனுப்ப விருப்பமில்லை என்றால் விடு. எத்தனை விரல் என்று மட்டும் எழுது.

அம்மா