பட்டம் கையில் இருக்கிறது, ஒரு பக்கக் கடிதம்தான் இல்லை: பதிவேட்டு அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் பயிற்சி நிலையங்களின் பதிவேட்டு அலுவலகங்களிலும், கல்வி அலுவலகங்களின் பணியாளர் பிரிவுகளிலும் இருக்கும் துவான், புவான் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். சேவைப் புத்தகம், இடமாற்றக் கடிதம், சம்பள உயர்வுப் பாரம் என்று எல்லாம் என் கை வழியாகத்தான் போயின, அதனால் ஒரு கோப்பு எந்த மேசையில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஏன் படுத்துக்கொள்ளும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சண்டைக்கு வரவில்லை. ஒரு கடிதம் கேட்டு வந்திருக்கிறேன். என் மகளுக்கு மட்டும் கேட்டிருந்தால் உங்கள் கதவைத் தட்டிவிட்டுப் போயிருப்பேன், இப்படி ஊருக்கே கேட்கும்படி எழுதியிருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். மகளும் மருமகனும் பெர்த்துக்குப் போக முடிவு செய்திருக்கிறார்கள். விசா மகளின் தொழிலை வைத்து, அதாவது தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற தொழிலை வைத்து. அவள் பி.ஐ.எஸ்.எம்.பி. என்ற நான்கு ஆண்டு ஆசிரியர் பட்டப்படிப்பைப் படித்து, தோட்டப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவள். ஆஸ்திரேலியாவில் ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடுவது ஏ.ஐ.டி.எஸ்.எல். என்ற அமைப்பு. அவர்கள் கேட்பதைப் படித்துப் பார்த்தால் ஒன்றும் அநியாயமாகத் தெரியவில்லை. உயர்கல்வி மொத்தம் நான்கு ஆண்டு முழுநேரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், அதில் குறைந்தது ஓராண்டு ஆசிரியர் பயிற்சியாக இருக்க வேண்டும், மேற்பார்வையோடு பள்ளியில் கற்பித்த பயிற்சி குறைந்தது 45 நாள் இருக்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8. (இந்த 8-ஐப் பார்த்து எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் ஆசிரியர் வகுப்பில் பேசித்தானே ஆக வேண்டும், ஞாயம்தான்.)

நான்கு ஆண்டு இருக்கிறது. பயிற்சி இருக்கிறது. பிராக்டிக்கம் என்ற கற்பித்தல் பயிற்சிக்காகப் பல கட்டமாகப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பாடம் நடத்தி, பின்வரிசையில் விரிவுரையாளர் உட்கார்ந்து குறிப்பெழுத, கை நடுங்கிப் படித்தவள் அவள். 45 நாளெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. தேர்வையும் எழுதித் தேறிவிட்டாள். அப்புறம் எங்கேதான் மாட்டிக்கொண்டது என்றால், அந்த நாள்கள் எந்தத் தாளிலும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் பிராக்டிக்கம் என்ற பெயர் இருக்கிறது, எதிரே கிரெடிட் எண்ணிக்கை இருக்கிறது, தரம் இருக்கிறது. எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகள், என்ன பாடம், யார் மேற்பார்த்தது என்பது எதுவும் இல்லை. அங்கே இருக்கிற அதிகாரிக்கு நம் கிரெடிட் கணக்கு எப்படித் தெரியும்? அதனால் பயிற்சி கொடுத்த நிலையமே தன் தலைப்புத் தாளில் நாள் கணக்கை எழுதித் தரட்டும் என்கிறார்கள். கேட்டோம். “மதிப்பெண் பட்டியலே போதுமே” என்று பதில் வந்தது. போதாது என்று சொல்வது நாங்கள் அல்ல, ஏற்க வேண்டியவர்கள் சொல்கிறார்கள் என்று மறுபடி எழுதினோம். பிறகு இது வேறு பிரிவு என்றார்கள், அந்தப் பிரிவு இன்னொரு பிரிவைக் காட்டியது. இதற்கு மேல் அந்தக் கதையை இழுக்கப் போவதில்லை, எந்த நிலையம் என்றும் சொல்லப் போவதில்லை. ஒரு இடத்துக்கு மட்டும் உரிய வியாதியாக இருந்தால் பெயர் சொல்லியிருக்கலாம்.

பணிச் சான்றும் அப்படியேதான். நம் அலுவலகத்தில் தரும் கடிதத்தில் பெயர், அடையாள அட்டை எண், நியமனத் தேதி, டி.ஜி. 41 என்ற சம்பளத் தரம் (2024 இறுதிவரை இருந்த பெயர்), பணி உறுதிசெய்யப்பட்ட நாள் எல்லாம் சுத்தமாக இருக்கும். நானே எத்தனையோ பேருக்கு அப்படித் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். உள்நாட்டில் வங்கிக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் அது போதும். ஆனால் வெளிநாட்டில் படிப்பவர் தேடுவது வேறு: முழுநேரமா பகுதிநேரமா, எந்த ஆண்டு மாணவர்கள், எந்தெந்தப் பாடம், வாரத்துக்கு எவ்வளவு. டி.ஜி. 41 என்பது அவருக்கு ஒரு வீட்டு எண் மாதிரிதான், தெருவே தெரியாமல் வீட்டு எண்ணை வைத்து என்ன செய்வார்?

இதில் இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் தோட்டப் பள்ளிகளுக்கே உரியது. 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறோம், தமிழ்ப்பள்ளிகளில் அவை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 30-க்கும் கீழே போய்விட்டால் வகுப்புகளை இணைத்துவிடுவார்கள். ஒரே அறையில் ஒரு பக்கம் இரண்டாம் ஆண்டு, மறு பக்கம் மூன்றாம் ஆண்டு, ஒரே ஆசிரியர், கரும்பலகைக்கு நடுவே ஒரு கோடு. தோட்டம் விற்று, லயம் என்ற தோட்டக் குடியிருப்பு காலியாகி, மக்கள் டாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, போனபின் பல பள்ளிகளுக்கு வந்த நிலை இது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளிலும் சின்னப் பள்ளிகள் உண்டு, அங்கேயும் பல வயதுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஆசிரியர்களிடம் அந்த அனுபவம் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் பணிச் சான்றில் ஒரு வரி இல்லை. இணைந்த வகுப்பு நடத்தினார் என்று எழுத எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லையே.

சிலர் என்னிடம் கேட்டார்கள், பட்டத்துக்கு எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கும்போது எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று. எம்.கியூ.ஏ. 2007-இல் வந்தது, அதன் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், நல்ல விஷயம். ஆனால் அது சொல்வது இந்தப் படிப்பு உண்மையான படிப்பு, இந்தத் தரத்தில் உள்ளது என்பதை. இன்னார் வகுப்பில் நின்று பாடம் நடத்தலாம் என்று சொல்வது வேறு ஒரு வேலை, அதைச் செய்ய ஒவ்வொரு நாட்டிலும், சில நாடுகளில் ஒவ்வொரு மாநிலத்திலும், தனி மன்றம் இருக்கிறது. ஏ.ஐ.டி.எஸ்.எல். விசாவுக்காகத் தகுதியைப் பார்க்கிறது என்றால், பெர்த்தில் வேலைக்குச் சேர மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆசிரியர் பதிவு வாரியத்தில் மறுபடி பதிய வேண்டும், மெல்பர்னுக்குப் போனால் வி.ஐ.டி., சிட்னிக்குப் போனால் நெசா என்று அந்தந்த மாநில அமைப்பில் பதிய வேண்டும். நியூசிலாந்தில் பட்டத்தை என்.இசட்.கியூ.ஏ. என்ற தகுதி ஆணையம் பார்க்கும், பதிவை ஆசிரியர் மன்றம் பார்க்கும். இதெல்லாம் தெரியாமல் ஒரு இடத்தில் ‘சரி’ கிடைத்ததும் விருந்து வைத்துவிட்டு அப்புறம் தலையில் கை வைத்தவர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போக நினைத்த ஒரு பிள்ளைக்கும் நான்தான் தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். அங்கே ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரி என்று பெயர், ஆனால் படிக்கிற கல்லூரி இல்லை, பதிவு செய்கிற அமைப்பு. அவர்கள் மதிப்பெண் பட்டியலை விண்ணப்பிப்பவர் கையிலிருந்து வாங்குவதில்லை, படித்த நிலையம் நேராக அனுப்ப வேண்டும். அதோடு, இதற்கு முன் எங்கே ஆசிரியராகப் பதிந்திருந்தாரோ அந்த இடத்திலிருந்து, இவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை, நல்ல நிலையில் இருக்கிறார் என்று ஒரு சான்று வேண்டும். நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி ஆசிரியர் பதிவு கல்வியமைச்சின் கீழ்தான் இருக்கிறது, அந்தப் பிள்ளையின் பதிவு எண்ணும் எங்கோ ஒரு கணினியில் இருக்கத்தான் செய்யும். ஆனால் நல்ல நிலைச் சான்று என்று கேட்டபோது எங்கள் பக்கம் யாருக்கும் அது என்ன என்றே பிடிபடவில்லை, கடைசியில் தலைமையாசிரியர் நன்னடத்தைக் கடிதம் ஒன்றை எழுதிச் சாப் அடித்துக் கொடுத்தார், பாவம் அவருக்கும் வேறு என்ன தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சிடம் வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒருவர் குற்றவாளி இல்லை என்று உலகத்துக்குச் சொல்ல நம்மிடம் வழி இருக்கிறது. அவர் ஆசிரியர் என்று சொல்லத்தான் வழி இல்லை!

ஏன் நேராக அனுப்பச் சொல்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்களும் உண்டு, எங்களை நம்பவில்லையா என்று. போலிச் சான்றிதழ் எல்லா நாட்டிலும் இருக்கிறது, அவர்கள் பிள்ளைகளை யாரிடம் விடுகிறோம் என்று பார்க்கிறார்கள். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எனக்கு அவர்கள் மேல் வருத்தம் இல்லை.

இன்னொரு பேச்சு உள்ளூரில் ஓடுகிறது, உங்களில் சிலர் மனத்திலும் இருக்கலாம். அரசாங்கச் செலவில் பயிற்சி கொடுத்து, தமிழ்ப்பள்ளிக்கென்று எடுத்த ஆசிரியர் வெளிநாட்டுக்கு ஓட நாம் ஏன் கடிதம் எழுதித் தர வேண்டும்? ஒப்பந்தக் காலம் முடியாதவர் போகக் கூடாது என்றால் அதற்கு விதி இருக்கிறது, விதியைக் காட்டுங்கள், பணத்தைக் கட்டச் சொல்லுங்கள். ஆனால் ஒப்பந்தத்தை முடித்து, முறையாக விலகுகிறவருக்குத் தன் படிப்பைப் பற்றிய உண்மையை எழுதி வாங்க உரிமை உண்டு. கடிதத்தைத் தாமதித்து ஒருவரைப் பிடித்து வைக்க முடியும் என்று நான் நம்பவில்லை, அவர் போய்ப் பேரங்காடியில் கல்லா பார்ப்பார், அவ்வளவுதான், நமக்கும் ஆசிரியர் இல்லை, அவர்களுக்கும் இல்லை. 1950-களில் மலாயா அரசாங்கமே பிள்ளைகளைக் கப்பலேற்றி லிவர்பூல் பக்கத்தில் கிர்க்பியில் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியது. கடல் கடந்து வாங்கிய பயிற்சி இங்கே செல்லும் என்ற நம்பிக்கையில்தானே அனுப்பினார்கள்.

டிப்ளோமாக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. மூன்றாண்டு ஆசிரியர் டிப்ளோமா மட்டும் வைத்திருந்தால் அந்த நான்காண்டுக் கணக்கு வராது. முதலில் மூன்றாண்டுப் பட்டம், பிறகு கே.பி.எல்.ஐ. என்ற பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குக் கணக்கு வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அதிலும் பள்ளியில் நின்ற நாள்களைக் காட்டியாக வேண்டும். அந்தக் காலத்துப் பயிற்சிக் கல்லூரிகள் இன்று பெயரும் அமைப்பும் மாறிவிட்டன. பழைய பதிவேடு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லக்கூடிய ஒரு ஆளாவது இருக்க வேண்டாமா? இந்த மடலில் எனக்கு அதிகம் வலிக்கிற இடம் இதுதான், ஏனென்றால் காகிதம் காத்திருக்காது, கரையான் காத்திருக்காது.

ஆக நான் கேட்பது பெரிய திட்டமோ புதுச் சட்டமோ இல்லை. பயிற்சி நிலையம் ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதத்தை வைத்துக்கொள்ளட்டும்: படிப்பு எத்தனை ஆண்டு, முழுநேரமா, கற்பித்தல் பயிற்சி எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, என்ன பாடம், எந்த மொழியில். ஒரே ஆண்டில் ஒரே பிரிவில் படித்த எல்லாருக்கும் இதில் பெரும்பகுதி ஒன்றுதான், பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும். அதை அலுவலக மின்னஞ்சலிலிருந்து நேராக அனுப்ப ஒரு மேசை, அந்த மேசைக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி, ஆள் மாறினாலும் முகவரி மாறக் கூடாது. கட்டணம் வைத்தால் வையுங்கள், கொடுப்போம், மொழிபெயர்ப்புக்கும் இப்போது கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம். பணியாளர் பிரிவில் இருப்பவர்கள் அந்தப் பணிச் சான்றில் இன்னும் நான்கு வரி சேருங்கள். ஆசிரியர் பதிவை வைத்திருப்பவர்கள், இன்னாரின் பதிவு செல்லுபடியாகிறது, அவர் மீது நடவடிக்கை இல்லை என்று சொல்லும் ஒரு தாளுக்கு வழி செய்யுங்கள்.

அவசரம் என்ன என்று கேட்காதீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுதான், கடிதம் தாமதமானால் தேர்வுக் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும், அது ஒரு புது ஆசிரியரின் சம்பளத்தில் சின்னத் துண்டு இல்லை.

அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு மாதிரி ஒன்றை நானே மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், பழைய பழக்கம். வெற்றிடங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் உங்களில் ஒருவர் சொல்லுங்கள், இன்று மாலையே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளிக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்