செத்த போர்டுலயும் காப்பி எடுக்கலாம் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உங்க பேப்பர் கைக்கு வந்ததும் நான் முதல்ல தேடறது மின்தடை அறிவிப்பைத்தான், தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம். காவேரிப்பட்டணத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், பயாஸ் அடிக்கற வேலை, அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடற ப்ரோகிராமை மதர்போர்டு சிப்புல எழுதற வேலை இருந்தா அன்னைக்கு எங்க ஏரியாவுல கரண்ட் கட் இருக்கான்னு பாத்துட்டுதான் போர்டையே பிரிப்பேன். யூபிஎஸ் இருக்கு, ஆனா அதோட பேட்டரிக்கு என்ன வயசுன்னு எனக்குத்தானே தெரியும்.

போன வாரம் கம்ப்யூட்டர் டிப்ஸ் பகுதியில, பயாஸை அப்டேட் பண்ணா சிஸ்டம் ஸ்பீடாகும், விண்டோஸ் 11 போட்டுக்கலாம்னு நாலு வரி போட்டிருந்தீங்க. அந்த நாலு வரியால என் மேஜைக்கு ஒரு லேப்டாப் வந்து சேந்துச்சு, அதனாலதான் இந்த லெட்டர்.

ஸ்பீடுக்கும் பயாஸ் அப்டேட்டுக்கும் பெருசா சம்பந்தம் இல்லீங்க. புது ப்ராசசர் போடணும், ஏதோ ஒரு பக் இருக்கு, செக்யூரிட்டி ஓட்டையை அடைக்கணும், இதுக்குத்தான் அப்டேட். விண்டோஸ் 11 கதையும் அப்படித்தான், 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து எல்லாரும் விண்டோஸ் 11 கேக்கற செக்யூரிட்டி வசதி டிபிஎம் 2.0 இல்லன்னு சொல்லுதேன்னு ஓடி வர்றாங்க, பயாஸ் செட்டிங்ஸ்ல போய் பாத்தா பாதி மிஷின்ல அது இன்டெல் பிடிடின்னோ ஏஎம்டி எஃப்டிபிஎம்னோ பேர்ல ஆஃப்ல கிடக்கும், ஆன் பண்ணி சேவ் பண்ணா வேலை முடிஞ்சுது. அப்டேட்டே பண்ணித்தான் ஆகணும்னா டிஸ்க்கைப் பூட்டி வெக்கற பிட்லாக்கரை முதல்ல சஸ்பெண்ட் பண்ணிடுங்க, இல்லன்னா அப்டேட் ஆனதும் 48 நம்பர் ரெகவரி கீ கேட்டு நிக்கும், அப்ப என்னைத் திட்டாதீங்க.

இப்ப அந்த லேப்டாப்புக்கு வர்றேன். பாலக்கோடு பக்கத்துல ஒரு பையன், காலேஜ் படிக்கறான். பேட்டரி பேருக்குத்தான் இருக்கு, ஸ்க்ரீன்ல 60 பர்சென்ட் காட்டும், சார்ஜரைப் புடுங்குனா ஒரு நிமிஷம் தாங்காது. உங்க டிப்ஸைப் பாத்துட்டு அப்டேட்டை ஓட விட்டிருக்கான், பாதியில காத்து மழை, மாமரத்துக் கிளை லைன் மேல விழுந்து கரண்ட் போச்சு, அதெல்லாம் எந்த மின்தடை அறிவிப்புலயும் வராதே. அதுக்கப்புறம் பட்டனை அமுக்குனா லைட் எரியுது, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல. டவுன்ல ஒரு கடையில குடுத்திருக்கான், அவங்க சிப்பை அழிச்சுட்டு எங்கேயோ டவுன்லோடு பண்ண ஃபைலை அடிச்சுப் பாத்திருக்காங்க, வரல, போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட வந்தப்போ, அழிக்கறதுக்கு முன்னாடி இருந்த ஃபைலை வாங்கிட்டு வாடான்னு திருப்பி அனுப்புனேன். "செத்த போர்டுல என்னத்த காப்பி எடுக்கறது"ன்னு கேட்டாங்களாம்.

எனக்கு கோவம் இங்கதான் சார். அந்த சிப்பு கடுகு டப்பா இல்ல, அஞ்சறைப்பெட்டி மாதிரி. ஒரு அறையில பயாஸ், ஒரு அறையில இன்டெல் சிப்செட்டுக்குள்ள தனியா ஓடற எம்இங்கற ப்ரோகிராம், இன்னொன்னுல எந்த அறை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற டிஸ்க்ரிப்டர், அது போக மிஷினோட சீரியல் நம்பர், விண்டோஸ் கீ, சில போர்டுல லேன் கார்டோட அடையாள நம்பரான மேக் அட்ரஸ் கூட அதுலதான். அப்டேட் பாதியில நின்னா கெட்டது பெரும்பாலும் பயாஸ் அறை மட்டும்தான், மத்ததெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். கரண்ட் போனதுல பாதிதான் போச்சு, மீதியை அழிச்சது அந்தக் கடை.

காப்பி எடுக்கறது பெரிய வித்தையா? சில நூறு ரூபாய்க்கு சிப்பைப் படிக்கவும் எழுதவும் சிஎச்341ஏ ப்ரோக்ராமர்னு ஒரு கருவி கிடைக்குது, கூட ஒரு கிளிப். சார்ஜர், பேட்டரி, போர்டுல இருக்கற சின்ன சிமாஸ் செல் மூணையும் கழட்டிடணும். 8 கால் சிப்பு, ஒரு மூலையில புள்ளி இருக்கும், அதுதான் 1ஆவது கால், கிளிப்போட சிவப்பு ஒயர் அந்தப் பக்கம். செல்ஃபோன் டார்ச்சை சாய்ச்சு அடிச்சாதான் சிப்பு மேல இருக்கற எழுத்து தெரியும், 25க்யூ64ன்னா 8 எம்பி, 25க்யூ128ன்னா 16 எம்பி. அந்த எழுத்தைப் படிக்காம கிளிப் போடவே கூடாது, 1.8 வோல்ட் சிப்பா இருந்தா அடாப்டர் இல்லாம சிப்பு காலி. கருப்பு கலர்ல வர்ற ப்ரோக்ராமர் நிறையதுல சிப்புக்கு பவர் 3.3 போனாலும் டேட்டா லைன்ல 5 வோல்ட் வருது, அதையும் மீட்டர் வெச்சுப் பாத்துக்கணும். அப்புறம் ரெண்டு தடவை ரீட் பண்ணி ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருக்கான்னு கம்பேர் பண்ணணும், மாறுனா கிளிப் சரியா உக்காரல, காலி சிப்பு மாதிரி முழுக்க எஃப்எஃப்னு வந்தா கால் படவே இல்ல. 8 எம்பி சிப்புன்னா ஃபைல் சரியா 83,88,608 பைட் இருக்கணும். எல்லாம் சேத்து பத்து நிமிஷம், ஒரு டீ ஆறுற நேரம்.

காப்பி எடுக்காம ஊரான் ஃபைலை அடிச்சா என்ன ஆகும்னா, தர்மபுரியில ஒரு டியூஷன் சென்டர்ல ரெண்டு சிஸ்டம், ஒண்ணு ஆன் ஆனா இன்னொண்ணுல நெட் போயிடும், மோடம் மாத்துனாங்க, கேபிள் மாத்துனாங்க, கடைசியில பாத்தா ரெண்டுக்கும் ஒரே மேக் அட்ரஸ், ஒரே டம்ப் ஃபைலை, அதாவது சிப்புல இருந்து எடுத்த காப்பியை, எவனோ ரெண்டு போர்டுலயும் அடிச்சிருக்கான்.

மாடிஃபை பண்றதே தப்புன்னு நான் சொல்ல வரல, நானே பண்றேன். பழைய எச்61 போர்டுல என்விஎம்இங்கற புது ரக எஸ்எஸ்டி டிஸ்க்கை அடாப்டர்ல போட்டா விண்டோஸ்குள்ள தெரியும், ஆனா அதுல இருந்து பூட் ஆகாது, பயாஸ்ல அதுக்கு டிரைவரே இல்ல. பயாஸ் ஃபைலைத் திருத்தற யூஇஎஃப்ஐ டூல்ல அந்த டிரைவரைச் சொருகி அடிச்சா பழைய மிஷின் இன்னும் சில வருஷம் ஓடும், குப்பைக்குப் போகாது. ஆனா 2013க்கு அப்புறம் வந்த இன்டெல் மிஷின் பலதுல பூட் கார்டுன்னு ஒரு பூட்டு இருக்கு, அது ஆன்ல இருந்தா கைவெச்ச பயாஸை ஏத்துக்காது, அன்னைக்கு உங்களைக் காப்பாத்தறது முதல்ல எடுத்து வெச்ச அந்த ஒரு காப்பிதான்.

அதனால டிப்ஸ் பகுதியில இன்னொரு நாலு வரி போடுங்க சார், பயாஸ் வேலைக்கு கடையில குடுத்தா பழைய ஃபைலை பென்டிரைவ்ல கேட்டு வாங்கிக்கணும்னு. கடைக்காரங்களுக்கு என் மேல வருத்தம் வரும், வரட்டும்.

பையன் லேப்டாப் இன்னும் என்கிட்டதான் இருக்கு. கம்பெனி சைட்ல கிடைக்கறது பயாஸ் அறை மட்டும், எம்இயும் டிஸ்க்ரிப்டரும் அதுல இல்ல, அதே மாடல்ல ஓடற போர்டு ஒண்ணு கிடைச்சா போதும். மாடல் பேரை எழுதுனா கம்பெனியைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இருக்கறவங்க பழைய லேப்டாப் இருந்தா கொண்டு வந்து காட்டுங்க, பொருந்துனா ஒரு காப்பி எடுத்துட்டு அப்பவே மாட்டிக் குடுத்துடறேன். சீரியல் நம்பர் அவனோடது அடியில ஸ்டிக்கர்லயே இருக்கு, அதை நான் மாத்தி எழுதிக்கறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் கடை லீவு.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் வாசகர் ஒருத்தர்