கூரையில் துளையிட அஞ்ச வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் அமெச்சூர் வானொலிக் கருவி (ஹாம் ரேடியோ எனப்படும், பொழுதுபோக்காகப் பிறரோடு பேச உதவும் கருவி) பொருத்த விரும்பும் வாசகர் ஒருவருக்குத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அளிக்கப்பட்ட பதிலில், ஆண்டெனாவுக்காகக் கூரையில் எக்காரணம் கொண்டும் துளையிடக் கூடாது என்றும், டிக்கிக் கதவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் மவுண்ட் (ஆண்டெனாவைத் தாங்கும் பிடிமானம்) ஒன்றே போதும் என்றும் கூறப்பட்டிருந்தது. வண்டி கெடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. இருந்தாலும், உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளன் என்ற முறையில், அந்தப் பதில் அடிப்படையான ஒன்றை விட்டுவிட்டதாகவே கருதுகிறேன். மேலே நிற்கும் கம்பி ஆண்டெனாவின் ஒரு பாதிதான்; அதன் அடியில் பரந்து கிடக்கும் உலோகத் தகடு மறு பாதி. அந்தத் தகட்டைத்தான் கிரவுண்ட் பிளேன் என்கிறோம்.

நம் நாட்டில் அமெச்சூர் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், கால் அலைக் கம்பி, அதாவது அலை நீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி, ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கும். அதன் அடியிலிருந்து எல்லாப் பக்கமும் ஏறக்குறைய அதே அளவுக்கு உலோகம் பரவியிருந்தால்தான் அலை நாற்புறமும் சீராகச் செல்லும். சாதாரணக் காரின் கூரை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமே கொண்டது என்பதால், இந்தத் தேவையை நிறைவு செய்யும் இடம் கூரையின் நடுப்பகுதி மட்டுமே. டிக்கி விளிம்பில் பொருத்தினால் உலோகமெல்லாம் ஒரே பக்கம் அமைந்துவிடுகிறது. வண்டியின் உடல் நீளும் முன்புறம் அலை வலுவாகவும் பின்புறம் மெலிந்தும் செல்கிறது. ஒசூர் சாலை வழியாகக் கிருஷ்ணகிரி நோக்கிப் போகிறவர் பேச விரும்பும் பெங்களூரு நண்பர்கள் அவருக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹேட்ச்பேக் வண்டிகளின் பின்கதவு கீல்களின் வழியாக மட்டுமே உடலோடு இணைந்திருப்பதால், அங்கே மின்தொடர்பும் நம்பும்படி இருப்பதில்லை. தவிரவும், 50 வாட் கருவியைப் பயன்படுத்துவோருக்கு, ஆண்டெனாவுக்கும் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் இடையே கூரைத் தகடு இருப்பது கூடுதல் பாதுகாப்பு.

துளையில்லாமல் காந்தத்தால் கூரையில் ஒட்டி நிற்கும் காந்த மவுண்டைக் குறை சொல்ல மாட்டேன். அலுவலக வண்டி, வாடகை வண்டி, விரைவில் விற்கப்போகும் வண்டி ஆகியவற்றுக்கு அதுவே பொருத்தமானது. 145 மெகாஹெர்ட்ஸில் பெயிண்டைத் தாண்டியும் மின்தேக்கி போலச் செயல்பட்டு அது தகட்டோடு இணைந்துகொள்கிறது. கூரையின் நடுவில் வைத்த சாதாரணக் காந்த மவுண்ட், விளிம்பில் திருகிய விலையுயர்ந்த மவுண்டைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் மெட்ரோ பணிகளின் புழுதி படியும் நம் நகரில், காந்தத்தின் அடியில் சிக்கும் மண் பெயிண்டை வட்டமாகத் தேய்த்துவிடும். வாரம் ஒரு முறையாவது அதை எடுத்துத் துடைப்பது அவசியம். கதவு ரப்பரில் நசுங்கும் கேபிளுக்குள்ளும், அதே இடுக்கின் வழியாக வண்டிக்குள்ளும் மழைநீர் இறங்குவதும் உண்டு.

வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவருக்கு என் பரிந்துரை, 19 மில்லிமீட்டர் துளையில் நிரந்தரமாக அமரும், என்.எம்.ஓ. எனப்படும் வகை மவுண்ட்தான். இங்கே துளையைவிட, அதை எப்படி இடுகிறோம் என்பதே முக்கியம். முதலில் கூரை விளக்கைக் கழற்றி, உட்கூரைத் துணியைச் சற்று இறக்கி, குறுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். சிவாஜிநகரில் அனுபவமுள்ள டிங்கரிங் கலைஞர் ஒருவர் இந்த வேலையைச் செய்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் கூரை முழுவதும் காகிதம் ஒட்டினார். தகட்டைத் தாண்டி உள்ளே இறங்காதபடி தடுப்பு வைத்த ஹோல் சாவை (வட்டமாகத் துளையிடும் ரம்பத்தை) மெதுவாக ஓட்டினார். பறந்த இரும்புத் தூளை ஒரு துளிகூட விடாமல் உறிஞ்சி எடுத்தார். அந்தத் தூள் பெயிண்டின் மேல் தங்கினால் அடுத்த மழையிலேயே துருப்புள்ளிகள் தோன்றிவிடும் என்றார். பிறகு துளையின் விளிம்புக்கு பிரைமர் பூசினார். அடிப்பக்கத்தில் மட்டும் மவுண்டின் பற்கள் கடித்து நிற்கும் இடத்தைப் பூச்சின்றி விட்டார், ஏனெனில் மின்தொடர்பு அங்கேதான் கிடைக்கிறது. மேலே ரப்பர் வளையம் சரியாக அமர்ந்துவிட்டால் நீர் கசியாது. ஆண்டெனாவைக் கழற்றும்போது மூடி போட்டால் போதும். அடுக்குமாடிக் கட்டடங்களின் தாழ்வான பார்க்கிங் தளங்களில் வண்டி நிறுத்துவோருக்கு, கழற்றவோ மடக்கவோ கூடிய ஆண்டெனாவே ஏற்றது.

பொருத்தி முடித்ததும், ஆண்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.4 காட்டினால் கவலை வேண்டாம். நல்ல தகட்டின் மேல் நிற்கும் கால் அலைக் கம்பியின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், அதாவது வானொலி மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) ஏறத்தாழ 36 ஓம் என்பதால், 50 ஓம் கேபிளோடு அந்த அளவு இயல்பானதே. மாறாக, கேபிளில் இழப்பு கூடினாலும் மீட்டர் அழகான எண்ணையே காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பி ஆண்டெனாவை மதிப்பிடக் கூடாது.

சன்ரூஃப் உள்ள வண்டிகளில் நடுப்பகுதி கிடைக்காது. அத்தகைய வண்டி வைத்திருப்போர் தகட்டை அதிகம் சாராத அரை அலை ஆண்டெனாவை விளிம்பு மவுண்டில் வைத்துக்கொள்ளலாம். கேபிளைக் காரின் கூரையைத் தாங்கும் தூண்களின் வழியாக இறக்கும்போது, பக்கவாட்டு ஏர்பேக் விரியும் பாதையில் அது குறுக்கே செல்லாமல் பார்த்துக்கொள்வது மிக மிக அவசியம். துளையிடும் முன் உற்பத்தியாளரின் துரு எதிர்ப்பு உத்தரவாத விதிகளையும் படித்துவிட வேண்டும். துளையிடவே கூடாது என்ற பொதுவான அறிவுரைக்குப் பதிலாக இந்த விவரங்களைத் தங்கள் வாகனப் பகுதி வெளியிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமதாரர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.