மதிப்புரைக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

க.நா.சுப்ரமண்யம் தமிழில் தந்த 'மதகுரு' நாவலைச் சென்ற மாதம் சத்துவாச்சாரியில் எங்கள் வாசகர் வட்டத்தில் எடுத்துப் பேசினோம். ஒன்பது பேருக்கு ஒரே பிரதிதான் இருந்தது. அதுவும் முதுகு பிரிந்து, கோணி ஊசியால் தைத்துக் கட்டிய பிரதி. குடியாத்தத்திலிருந்து பேருந்தில் வரும் கல்லூரி மாணவி ஒருவர், "இது நல்ல புத்தகம் என்று முதன்முதலில் கண்டு சொன்னவர் யார், ஐயா?" என்று கேட்டார். அதற்கான விடையைத் தங்கள் நாளிதழில் எழுதுவதே பொருத்தம் என்று கருதுகிறேன். அந்த நாவலுக்கு நியாயம் கிடைத்ததும் ஒரு நாளிதழில்தான்.

ஸ்வீடனில் 1891-இல் செல்மா லாகர்லெவின் இந்த முதல் நாவல் வெளிவந்தபோது, அந்நாட்டு விமர்சகர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் டேனிஷ் மொழிபெயர்ப்பைப் படித்த டென்மார்க் விமர்சகர் கியோர்க் பிராண்டஸ் 1893-இல் கோபன்ஹேகனின் 'பொலிட்டிகன்' நாளிதழில் பாராட்டி எழுதினார். அதன் பிறகே சொந்த நாடு அந்த எழுத்தாளரைத் திரும்பிப் பார்த்தது. 1909-இல் அவர் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி ஆனார்.

நார்வே நாடகாசிரியர் இப்சனையும் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயையும் அறிந்த தமிழ் வாசகர்களிடையே பிராண்டஸின் பெயர் அதிகம் அடிபடுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. 1871 நவம்பரில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சொற்பொழிவுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இலக்கியத்தின் பெரும் போக்குகளைப் பற்றிய ஆறு தொகுதிகளாக 1890 வரை வெளிவந்தன. வாழ்க்கையின் பிரச்சினைகளை விவாதத்துக்குக் கொண்டுவருவதே உயிருள்ள இலக்கியத்தின் அடையாளம் என்று அவர் சொன்னது வட ஐரோப்பிய எழுத்தாளர்களை உலுக்கியது. கருக்கொண்டிருக்கும் எழுத்தாளன் கையில் அந்த முதல் தொகுதியைவிட ஆபத்தான நூல் கிடைக்க முடியாது என்று 1872-இல் இப்சன் அவருக்கே எழுதினார். கணவனை விட்டு நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் 1879-இல் வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, பெண்களின் அடிமை நிலையைப் பற்றி ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய நூலை, அது வெளியான அதே ஆண்டில், டேனிஷ் மொழிக்குக் கொண்டுவந்தவரும் பிராண்டஸ்தான். பெரிதாக யாரும் கவனித்திராத நீட்சேயைப் பற்றி 1888-இல் பொதுச் சொற்பொழிவு நிகழ்த்தியவரும் அவரே. இத்தனைக்கும், யூதர், தீவிரக் கருத்தினர் என்பதாலும் நாத்திகர் என்ற சந்தேகத்தாலும் பேராசிரியர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது.

பிரச்சினைகளைக் கொண்டே இலக்கியத்தை அளக்கும் அந்த அளவுகோல் குறுகியது என்பதே என் எண்ணம். கிராமத்துக் கதைகளும் பேய்க்கனவுகளும் பித்தும் கலந்த 'மதகுரு' அந்த அளவுகோலுக்குள் அடங்காது. யதார்த்த எழுத்துக்காக இருபது ஆண்டு வாதாடிய ஒருவர், தம் கட்சியைச் சேராத ஒரு நாவலைப் படித்து, அதன் அழகுக்குத் தலைவணங்கி, அதைத் தம் பெயரிட்டு எழுதியதைத்தான் நான் விமர்சன நேர்மை என்பேன். அந்த மாணவியிடமும் இதைத்தான் சொன்னேன்.

இன்று நம் நாளிதழ்கள் பலவற்றில் நூல் அறிமுகம் என்பது அட்டைப்படம், விலை, பக்கங்கள், பதிப்பகத்தின் தொலைபேசி எண், மேலே நான்கு வரி என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த நான்கு வரியும் பெரும்பாலும் பின்னட்டையில் இருப்பதுதான். ஆம்பூரிலும் ஆரணியிலும் சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் அச்சிடும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்கள் புகழுரையைக் கேட்கவில்லை. முழுவதும் படித்த ஒருவர், எங்கே நன்றாக வந்திருக்கிறது, எங்கே தவறியிருக்கிறது என்று பெயர் போட்டு எழுதினால் போதும் என்கிறார்கள்.

ஆகவே, மாதம் ஒருமுறையேனும் ஞாயிறு இதழில் அரைப் பக்கத்தை ஒரே ஒரு நூலின் விரிவான மதிப்புரைக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களும் எழுதலாம் என்று தாங்கள் அறிவித்தால், குடியாத்தத்து மாணவி 'மதகுரு'வைப் பற்றி எழுதி முடித்திருக்கும் ஆறு பக்கக் கட்டுரையை முதலில் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.