வெட்டிய ஸ்கிட்டுக்கும் பணம் வேண்டும்

தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் தயாரிப்புப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ரேஷன் கடை ஸ்கிட் எத்தனை முறை திருத்தி எழுதப்பட்டது, யார் அதற்கு ஒப்புதல் தந்தார்கள் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. ஞாயிறு இரவு அது வரவில்லை. 'டெலிகாஸ்ட் ஆனால்தான் பேமெண்ட்' என்று சொல்லி, நடித்த நால்வருக்கும் எழுதிய எனக்கும் தங்கள் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். வெட்டிய ஸ்கிட்டுக்கும் பணம் வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

கிழவி வேடமிட்ட நண்பர் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். திருவிழா மேடைகளில் பலகுரல் செய்து பிழைப்பவர். வருமானமே ஆடி மாதத்தை நம்பியிருக்கும் அவர், தங்கள் படப்பிடிப்புக்காக இரண்டு அம்மன் கோயில் மேடைகளை விட்டுவிட்டு வந்தார். நரைமுடி விக்குக்கும் சேலைக்கும் வாடகை கொடுத்தவரும் அவரே. காலை ஏழு மணிக்கு மேக்கப் போட்டு, இரவு பதினொன்றரைக்கு மேடையேற்றினீர்கள், அதுகூடப் பெரிதில்லை. ஒளிபரப்பு நாளன்று அவருடைய தாயார் டிவியை வாசலுக்குத் தூக்கி வந்து, தெருவையே கூட்டி உட்கார வைத்திருக்கிறார். நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் ஓடியபோதும் சேனலை மாற்ற விடவில்லையாம். மறுநாள் மகனிடம், "நீ மெட்ராசுக்குத்தான் போனியாடா?" என்று கேட்டிருக்கிறார்.

அதே எபிசோடில், வேறொரு குழுவின் ஸ்கிட்டுக்கு நடுவே, நடுவர் ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்து ஒரு மஞ்சள் பையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். அது எங்கள் கிழவி அவர் கையில் திணித்த ரேஷன் பை. எங்கள் ஸ்கிட் ஒளிபரப்பத் தகுதியற்றது, அதற்கு எழுந்த சிரிப்பு மட்டும் தகுதியானது போலும். அந்தச் சில வினாடிகளுக்கு என்ன கணக்கு என்று தங்கள் கணக்குப் பிரிவைக் கேட்டுச் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

வெட்டவே கூடாது என்று நான் வாதாடவில்லை. நியூயார்க்கில் 1975 முதல் நடந்துவரும் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியில், இரவு 11.30 மணி நேரலைக்கு முன் பார்வையாளர்களை வைத்தே முழு ஒத்திகை நடத்தி, தேறாத ஸ்கிட்டுகளைத் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் அங்கே எழுதுபவர்கள் சம்பளத்துக்கு இருப்பவர்கள், ஸ்கிட் விழுந்தால் அவர்கள் வீட்டு அடுப்பு அணைவதில்லை. எங்கள் ஸ்கிட்டை வெட்டியதற்கு அச்சமும் ஒரு காரணமாகலாம். 2017இல் பலகுரல் கலைஞர் ஷ்யாம் ரங்கீலா ஓர் இந்தி நகைச்சுவைப் போட்டியில் பிரதமரின் குரலில் பேசியது ஒளிபரப்பாகாமலே போனதையும், 2022 பொங்கலையொட்டிக் குழந்தைகள் நடித்த ஸ்கிட் பிரதமரைக் கேலி செய்வதாகப் புகார் எழுந்து, ஜீ தமிழுக்கு ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நோட்டீஸ் அனுப்பியதையும் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புழுத்த பருப்பைப் பற்றிய நான்கு வசனங்களால் எந்த ஆட்சி கவிழும் என்று எனக்கு விளங்கவில்லை. அஞ்சுவதுதான் வழக்கம் என்றால், ஒப்புதல் தருவதற்கு முன்பே அஞ்சியிருக்கலாம். விக் வாடகையாவது மிஞ்சியிருக்கும்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மேடையில் நடித்து முடித்த ஸ்கிட்டுக்கு, ஒளிபரப்பானாலும் ஆகாவிட்டாலும், பதினைந்து நாட்களுக்குள் பணம் கொடுங்கள். நீக்குவதாக இருந்தால், முதல் நாளாவது தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

நண்பரின் வங்கிக் கணக்கு எண் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. மஞ்சள் பையையும் திருப்பி அனுப்ப அன்புகூர்ந்து ஏற்பாடு செய்யுங்கள். அது அவருடைய தாயார் ரேஷனுக்குக் கொண்டுபோகும் பை.

தங்கள் உண்மையுள்ள,
ஒளிபரப்பாகாத ஸ்கிட்டை எழுதியவன்